பதினைந்து கிலோவுக்குள் பழைய ஆப்பிரிக்கா

சஃபாரி போகிறவர்களின் பெட்டியில் இப்போது நூறு வருடத்துக்கு முந்தைய உடைகள். எது கைகொடுக்கும், எது உறுத்தும், எது வம்பில் மாட்டிவிடும்?

எடை மேடையில் சிவப்பு எண்கள் ஓடி 19-ஐத் தாண்டி நிற்கின்றன. மேடைமேல் பித்தளைப் பூண் போட்ட தோல் பெட்டி. பெட்டிக்காரர் தலையில் அகல விளிம்புத் தொப்பி, உடம்பில் நான்கு பை வைத்த காக்கி ஜாக்கெட், இடுப்பில் அதே துணியில் பெல்ட், காலில் இன்னும் மடிப்பு விழாத பூட்ஸ். கவுன்ட்டர் பெண் முகம் சுளிக்காமல் சொல்கிறார்: கைப்பையும் சேர்த்து 15 கிலோதான், பெட்டியும் கெட்டியாக இருக்கக் கூடாது. அடுத்த சில நிமிடங்கள் பெட்டி தரையில் திறந்து கிடக்கிறது. மனைவி இரண்டாவது ஜோடி பூட்ஸைத் தூக்கி வெளியே வைக்கிறார். கணவர் ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையை மாட்டிக்கொள்கிறார்.

மசாய் மாராவுக்குச் சிறு விமானங்கள் கிளம்பும் காலை வேளையில் நைரோபியின் வில்சன் விமான நிலையத்தில் இது வாடிக்கையான காட்சி. அங்கே அதிகம் பறக்கும் செஸ்னா கேரவன் விமானத்துக்கு வயிற்றுக்கு அடியில்தான் சரக்கு அறை. அதன் கதவு சிறியது. அமுக்கினால் அமுங்கும் பை உள்ளே போகும். சதுரப் பெட்டி போகாது.

டிக்கெட் போட்டதும் பலரும் கேட்கும் அடுத்த கேள்வி, “என்ன டிரெஸ்?” படத்தில் பார்த்த அந்தப் பழைய தோரணை வேண்டும். கேன்வாஸ், தோல், பித்தளை, காக்கி. ஆசை தப்பில்லை. ஆனால் பழைய சஃபாரிப் புகைப்படத்தில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். நடுவில் துப்பாக்கியோடு நிற்கும் துரை ஒருவகை. வேலை பார்த்தவர்கள் இன்னொரு வகை: வழிகாட்டி, தடம் பார்ப்பவர், சுமைகாரர். கடைகள் விற்பது பெரும்பாலும் துரையின் உடையை. காட்டில் உதவுவதோ வேலை பார்த்தவர்களின் உடை.

யார் தூக்கினார்கள்?

1909 மார்ச்சில் அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட், சில வாரங்களிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிப்பது நோக்கம். பன்றித் தோலில் அட்டை கட்டிய ஒரு சிறு நூலகமே கூடப் போனது. உரித்த தோல்களைப் பதப்படுத்த நான்கு டன் உப்பு. பூச்சி, செடி வரை கணக்கில் சேர்த்துப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளோடு அந்தக் குழு திரும்பியது.

நான்கு டன் உப்பு தானாக நடக்காது. இருநூறுக்கும் மேற்பட்ட சுமைகாரர்கள் அந்த வரிசையில் நடந்தார்கள். அக்காலத்தில் ஓர் ஆளுக்கு வழக்கமான சுமை 60 பவுண்டு, நம் கணக்கில் 27 கிலோ. மடக்குக் கட்டில், கேன்வாஸ் குளியல் தொட்டி, மதுப்பெட்டி, சாப்பாட்டு மேசை என்று இன்று ‘பழைய பாணி’ என்ற பெயரில் காதலோடு பார்க்கப்படும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தலையில் ஏறித்தான் காட்டுக்குள் போனது. முதல் உலகப் போரில் இதே சுமை வேலை ராணுவத்துக்காக நடந்தபோது, கிழக்கு ஆப்பிரிக்காவில் இறந்த சுமைகாரர்கள் ஒரு லட்சத்தை நெருங்குவார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. குண்டை விட நோய் கொன்றதே அதிகம்.

15 கிலோ என்று விமானக் கம்பெனி கறார் பேசும்போது எரிச்சல் வருவது இயல்பு. தூக்க ஆள் இல்லாத சஃபாரி என்பது அதன் மறுபக்கம்.

பெட்டிச் செய்தி: காட்டிலிருந்து கடைக்கு

1933–34: எர்னஸ்ட் ஹெமிங்வேயின் முதல் ஆப்பிரிக்கப் பயணம். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ‘புஷ் ஜாக்கெட்’டை வில்லிஸ் அண்ட் கெய்கர் நிறுவனம் தைத்து விற்றது.
1953: ‘மொகாம்போ’ படம். கிளார்க் கேபிள், ஏவா கார்ட்னர், கிரேஸ் கெல்லி. காக்கி கவர்ச்சியானது.
1968: பாரிஸில் இவ் சான் லோரான் வடிவமைத்த சஃபாரி மேலாடையில் மாடல் வெருஷ்கா. துப்பாக்கியோடு நின்ற அந்த ‘வோக்’ புகைப்படத்துக்குப் பிறகு சஃபாரி உடை பெண்களின் அலமாரிக்கும் வந்தது.
1978: கலிஃபோர்னியாவில் ஒரு தம்பதி ராணுவ உபரித் துணிகளை விற்கத் தொடங்கிய கடை, பனானா ரிபப்ளிக். பிற்பாடு அதன் கிளைகளில் ஜீப்பே நிறுத்தி வைத்தார்கள். 1983-ல் ‘கேப்’ நிறுவனம் வாங்கியது.
1985: ‘அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா’. ஏழு ஆஸ்கர். மெரில் ஸ்ட்ரீப்புக்கும் ராபர்ட் ரெட்ஃபோர்டுக்கும் உடை வடிவமைத்தவர் மிலேனா கனோனெரோ. இன்று கேட்கப்படும் ‘அந்த லுக்’ பெரும்பாலும் இவர் கைவண்ணம்.

துணி: பழசு ஜெயிக்கும் இடம்

காக்கி நமக்குப் புதிதில்லை. போலீஸ், ஆட்டோக்காரர், தபால்காரர் என்று நாள் முழுக்கக் கண்ணில் படும் நிறம். அது ராணுவ உடையானதே இந்தத் துணைக்கண்டத்தில்தான். 1846-ல் ஹாரி லம்ஸ்டன் பெஷாவரில் திரட்டிய கைட்ஸ் படை, மண்ணோடு மண்ணாகத் தெரியும்படி உடைக்குச் சாயம் ஏற்றியது. ஐம்பது ஆண்டுகளில் கடல் கடந்து போகும் பிரிட்டிஷ் சிப்பாய் எல்லோருக்கும் அதுவே சீருடை. ராணுவத்திலிருந்து வேட்டைக்காரனுக்கு, அவனிடமிருந்து சுற்றுலாப் பயணிக்கு.

இந்தத் துணியைப் பொறுத்தவரை பழைய ஆட்கள் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தின் வறண்ட மாதங்களுக்கு நெருக்கமாக நெய்த பருத்தி டிரில் பிரமாதமான துணி. முள் கிழிக்காது. வெயில் ஊடுருவாது. நைலான் போல அசைவுக்கு அசைவு சரசரக்காது. பத்தடியில் ஒரு மான் நிற்கும்போது இதன் அருமை தெரியும். மார்ச் முதல் மே வரையிலான பெருமழைக் காலத்தில் மட்டும் கதை வேறு. நனைந்த டிரில் காய மறுநாள் ஆகும். அப்போது சீக்கிரம் காயும் செயற்கை இழைதான் கெட்டி.

ஜாக்கெட்டில் எல்லாப் பாகமும் இன்றைக்குத் தேவையா? விரிந்து கொடுக்கும் கீழ்ப்பைகள் இரண்டும் தங்கம்: லென்ஸ் மூடி, பேட்டரி, கைக்குட்டை எல்லாம் அடங்கும். தோளில் பொத்தான் போட்ட பட்டை முன்பு துப்பாக்கி வார் நழுவாமல் பிடித்தது, இப்போது கேமரா வாரைப் பிடிக்கும். மார்பில் வரிசையாகத் தோட்டா செருகும் வளையங்களைத் தைத்துக்கொள்வதை வேஷம் என்றே சொல்வேன். கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. துணிப் பெல்ட்டின் பின்பக்கக் கொக்கி, ஆறு மணி நேரம் ஜீப்பில் குலுங்கிப் போகும்போது முதுகெலும்பை விசாரித்துவிடும்.

இன்னொன்று, குளிர். ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை மட்டும் நினைத்துக்கொண்டு போகிறவர்கள் முதல் விடியலிலேயே நடுங்குவார்கள். டான்சானியாவின் கொரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பு சுமார் 2,300 மீட்டர், நம் ஊட்டியின் உயரம். ஜூலை மாதம், காலை ஆறு மணி, மேல்திறந்த வண்டி. பருத்தி ஜாக்கெட் மட்டும் போதாது. உள்ளே ஒரு கம்பளி ஸ்வெட்டர் வேண்டும். பழைய படங்களில் வழிகாட்டிகள் போட்டிருக்கும் அந்தக் கனத்த பின்னல் ஸ்வெட்டர் அழகுக்குப் போட்டதில்லை. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கழற்றுவதுதான் சஃபாரி உடுத்தும் கலை.

இதையெல்லாம் வெளிநாட்டு பிராண்டில் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? சீருடைத் துணிக் கடையில் காக்கி டிரில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினால் நல்ல டெய்லர் தைத்துவிடுவார். நைரோபியின் பழைய இந்தியப் பஜாரிலும் அப்படித்தான் நடந்தது. இன்றைய பியாஷாரா தெருதான் அது. வேட்டைக்கு வந்த துரைமார்கள் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டது அங்கிருந்த இந்தியத் தையற்காரர்களிடம். ஒரே எச்சரிக்கை: எழுபதுகளின் கல்யாண சஃபாரி சூட் வெட்டுக்கு அவர் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமைச்சரின் பாதுகாவலர் என்று நினைத்துவிடுவார்கள்.

கழுத்துக்கு? செம்மண் புழுதியிலிருந்து மூக்கைக் காக்க ஒரு துணி கட்டாயம். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்து மக்கள் ‘கிகோய்’ என்று இடுப்பில் சுற்றும் பருத்தித் துணியை வழிகாட்டிகள் கழுத்தில் சுற்றிக்கொள்கிறார்கள். நம் ஈரோட்டுத் துண்டு அதே வேலையைச் செய்யும். முகம் துடைக்கலாம், கேமராவைப் பொதியலாம், உட்காரும் இடத்தில் விரிக்கலாம்.

தொப்பியின் கதை

கடினமான அந்த வெள்ளை ‘சோலா’ தொப்பி எதனால் செய்தது தெரியுமா? நெட்டியால். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் கட்டுகிறோமே அந்த நெட்டி. தஞ்சாவூர்க் கலைஞர்கள் பெரிய கோயிலைச் செதுக்குகிறார்களே அதே நெட்டி. நீர்நிலைகளில் வளரும் செடியின் வெண்மையான தண்டைச் சீவி, அடுக்கி ஒட்டி, துணி போர்த்தி வங்காளத்தில் தொப்பியாக்கினார்கள். இறகு போலக் கனமில்லாதது, வெப்பம் தாங்குவது. பொருளாகப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது.

குறை அதைச் சுற்றிய நம்பிக்கையில். வெப்ப மண்டலச் சூரியனின் கதிர்கள் வெள்ளைக்காரர்களின் மூளையையும் முதுகுத் தண்டையும் பாதிக்கும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்களே எழுதினார்கள். முதுகில் கட்டிக்கொள்ளத் தனியாகப் பஞ்சுப் பட்டையும் விற்றது. பக்கத்தில் சுமை தூக்கியவன் வெறுந்தலையோடு நடந்ததை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை ஊகிக்கலாம்: அவன் வேறு இனம், அவனுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் சாதாரணத் தொப்பியோடு வெயிலில் திரிந்தும் யாருக்கும் மூளை உருகாததால் அந்த நம்பிக்கை அடங்கிப்போனது. ஆனால் தொப்பி அதிகாரத்தின் அடையாளமாக நினைவில் நின்றுவிட்டது.

2018 அக்டோபரில் மெலனியா டிரம்ப் நைரோபி தேசியப் பூங்காவுக்கு வெள்ளை சோலா தொப்பியோடு வந்தார். யானைக் குட்டிகளுக்குப் பால் கொடுத்த படங்களைப் பின்னுக்குத் தள்ளி, தொப்பிதான் உலகம் முழுக்கச் செய்தியானது. தான் உடுத்தியதை விட்டுவிட்டுச் செய்ததைப் பேசுங்கள் என்கிற பொருளில் அவர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. காலனி ஆட்சியின் கீழ் இருந்த நாம் அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு கென்யாவில் இறங்கினால் அது வேறொரு வேடிக்கை.

நடைமுறைக்கும் அது ஆகாது. வண்டிக் கூரையில் இடிக்கும், காற்றில் பறக்கும். அகல விளிம்பும் தாடைக் கயிறும் உள்ள கேன்வாஸ் அல்லது ஃபெல்ட் தொப்பி போதும். அதுவும் பழைய பாணிதான்.

நிறம் ஒன்று, சட்டம் ஒன்று

வண்டிக்குள் இருக்கும்வரை சிங்கத்துக்கு உங்கள் சட்டை நிறம் பெரிய விஷயமில்லை. வண்டியையும் ஆளையும் ஒரே உருவமாகத்தான் அது எடுத்துக்கொள்கிறது. நடந்து போகும் சஃபாரியில் மண் நிறம் முக்கியம். ஜாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கில் நடத்தி அழைத்துப்போவது ஒரு மரபாகவே வளர்ந்தது. அங்கே வெள்ளைச் சட்டை போட்டவரை வழிகாட்டி முதலில் அறைக்குத் திருப்பி அனுப்புவார்.

விலங்கை விட ஈ மோசம். செட்ஸி ஈக்கு அடர் நீலமும் கறுப்பும் என்றால் கொள்ளை ஆசை. டான்சானியாவின் தரங்கிரி, ருவாஹா போன்ற காடுகளில் பாதையோர மரங்களில் நீலமும் கறுப்புமான துணிகள் தொங்குவதைப் பார்க்கலாம். பூச்சிமருந்தில் தோய்த்த பொறிகள் அவை. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகிறவர் நடமாடும் பொறி, மருந்து இல்லாமல். மெல்லிய துணியைத் துளைத்துக் கடிக்கும், வலிக்கும், சில பகுதிகளில் தூக்க நோயையும் பரப்பும். கனத்த டிரில்லுக்கு இங்கேயும் ஒரு மதிப்பெண்.

பெட்டிச் செய்தி: வாசலிலேயே மாட்டிக்கொள்ளாமல்

ராணுவப் புள்ளித் துணி: ஜிம்பாப்வே, ஜாம்பியா, உகாண்டா நாடுகளில் பொதுமக்கள் ராணுவப் பாணி உடை அணிவது சட்டப்படி குற்றம். உபரிக் கடையில் வாங்கிய பழைய ராணுவ ஜாக்கெட், தொப்பி, பை எதுவானாலும் பறிபோகலாம்; விசாரணைக்கும் உட்கார நேரிடலாம். குழந்தைகளின் கால்சட்டையையும் சரிபாருங்கள்.
பிளாஸ்டிக் பை: கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் தடை, டான்சானியாவில் 2019 ஜூன் முதல். புதுச் சட்டைகளை அவற்றின் பாலிதீன் உறையோடு அடுக்காதீர்கள். நம் மஞ்சப்பை போதும்.
பழம்பொருள்: தந்தக் கைப்பிடிக் கத்தி, சிறுத்தைத் தோல் பட்டை சுற்றிய தொப்பி, யானை முடி வளையல், முதலைத் தோல் பை. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமும், இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. தாத்தா காலத்துப் பொருள் என்ற சமாதானம் சுங்க மேசையில் செல்லாது.

பை, பூட்ஸ், தொலைநோக்கி

தோல் பெட்டியை வீட்டிலேயே விடுங்கள். பழைய தோற்றமும் வேண்டும், விமானத்திலும் ஏற வேண்டும் என்றால் மெழுகு தடவிய கேன்வாஸ் உருளைப் பை இருக்கிறது. ஆனால் வாங்கும்முன் வெறும் பையைத் தராசில் வையுங்கள். தோல் வாரும் பித்தளைக் கொக்கியும் அதிகமாக வைத்த பை காலியாகவே மூன்று நான்கு கிலோ இருக்கும். 15-ல் கால்வாசி அங்கேயே போச்சு.

பூட்ஸ் விஷயத்தில் ஆப்பிரிக்காவே நல்ல பதில் வைத்திருக்கிறது. நைரோபிக்கு வெளியே லிமுருவில் உள்ள பாட்டா தொழிற்சாலை பல காலமாகச் செய்துவரும் கணுக்கால் உயர ‘சஃபாரி பூட்ஸ்’ கென்யர்கள் பள்ளிக்கும் வயலுக்கும் அலுவலகத்துக்கும் போட்டுத் தேய்த்த காலணி. ஜிம்பாப்வேயின் புலவாயோவில் கர்ட்னி என்ற சிறு நிறுவனம் கையால் தைக்கும் பூட்ஸ் வழிகாட்டிகளிடையே புகழ் பெற்றது. அவர்கள் எருமைத் தோல், முதலைத் தோலிலும் செய்வார்கள் என்பதால் எந்தத் தோல் என்று கேட்டு வாங்குங்கள். மசாய் வழிகாட்டிகளில் பலர் பழைய டயரை வெட்டிச் செய்த செருப்பிலேயே நாள் முழுக்க நடக்கிறார்கள். ஜீப் சஃபாரிக்கு உயரமான பூட்ஸ் பாரம்தான். எதுவானாலும் ஊரிலேயே ஒரு மாதம் போட்டுப் பழக்குங்கள்.

பழசு தோற்கும் இடம், தொலைநோக்கி. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. பித்தளையும் தோலுமாக அந்தப் பழைய 8x30 பைனாகுலர் கழுத்தில் தொங்கினால் அழகுதான். ஆனால் சிறுத்தையும் சிங்கமும் உலவுவது விடியலிலும் அந்தியிலும். 42 மில்லிமீட்டர் கண்ணாடி 30 மில்லிமீட்டரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஒளியை உள்வாங்கும். போதாக்குறைக்குப் பழைய கண்ணாடிகளில் ஒளி சிதறாமல் தடுக்கும் பூச்சு குறைவு. நம் ஊர் ஈரத்தில் உள்ளே பூஞ்சையும் படிந்திருக்கும். மரக்கிளையில் ஒரு சிறுத்தை தொங்கவிட்ட வாலை அடுத்த சீட்டுக்காரர் பார்த்துவிட, நீங்கள் வெண்புகையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இதற்கு மட்டும் புதிய 8x42 வாங்குங்கள். ஆளுக்கு ஒன்று; தம்பதிக்கு ஒன்று என்பது சண்டைக்கு வழி.

முகாமில் தோய்க்கப் போட்டால் அன்றே மடித்துத் தருவார்கள். ஆகவே மூன்று செட் போதும். உள்ளாடையைப் பல முகாம்களில் தோய்ப்பதில்லை; அறையில் சோப்புத்தூள் வைத்திருப்பார்கள். துணியெல்லாம் சூடாக இஸ்திரி போட்டு வருவது ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் ‘புட்ஸி’ ஈ ஈரத் துணியில் முட்டையிடும். பொரிந்த புழு தோலுக்குள் புகுந்து கட்டியாகும். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியின் சூடுதான் அதற்கு மருந்து. நீங்களே துவைத்துக் கொடியில் போட்ட பனியனுக்கும் அந்தச் சூடு தேவை.

நைரோபி எப்படிப் பார்க்கிறது?

பழைய பாணியே ஒரு தொழில்தான். மாராவின் ஓரத்தில் காட்டர்ஸ் முகாம் 1920-களின் அலங்காரத்தோடு இயங்குகிறது. அமெரிக்காவிலிருந்து வந்து வேட்டை வழிகாட்டியாகி, 1940-ல் காண்டாமிருகத்தால் கொல்லப்பட்ட சார்லஸ் காட்டரின் வாரிசுகள் நடத்துவது. வெள்ளைக் கூடாரம், பழைய மரச்சாமான், மெழுகுவத்தி. அந்த அலங்காரத்துக்குப் பொருத்தமாக உடுத்தத் தோன்றுவது இயல்பு.

ஊருக்குள் வந்தால் காட்சி வேறு. ஐரோப்பாவும் அமெரிக்காவும் போட்டுக் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் கிகோம்பா சந்தையில், ‘மிதும்பா’ எனப்படும் அந்தப் பழைய துணிகளைத் தோண்டினால் நியூயார்க்கில் ‘விண்டேஜ்’ விலை சொல்லும் அதே புஷ் ஜாக்கெட் கிடைக்கலாம். நைரோபி இளைஞர்கள் அங்கே தேடி எடுத்து, வெட்டித் தைத்து, மறுவிற்பனை செய்கிறார்கள். இந்த இறக்குமதி உள்ளூர் நெசவைக் கொல்கிறது என்று கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2016-ல் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தன. அமெரிக்கா வர்த்தகச் சலுகையைக் காட்டி மிரட்டியதும் கென்யா பின்வாங்கியது. இறக்குமதி வரியை உயர்த்தி உறுதியாக நின்ற ருவாண்டா, 2018-ல் தன் ஆடை ஏற்றுமதிக்கான சலுகையை இழந்தது. சஃபாரி ஜாக்கெட் ஒன்றைச் சந்தையில் பேரம் பேசி வாங்கும்போது இந்தச் சண்டையும் அதன் பையில்தான் இருக்கிறது. வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. மூட்டை பிரிக்கும் பெண்களின் அடுப்பும் அதில்தான் எரிகிறது.

அரசியல்வாதிகளும் சும்மா இல்லை. துரையின் சஃபாரி வெட்டை எடுத்து ஆப்பிரிக்கத் தலைவரின் உடையாக்கியவர் ஜாம்பியாவின் முதல் அதிபர் கென்னத் கவுண்டா. அவர் பெயரிலேயே அழைக்கப்படும் அந்த சூட்டைக் கென்ய அதிபர் வில்லியம் ரூட்டோ விரும்பி அணிய, நாடே பின்பற்றியது. 2023 நவம்பரில் நாடாளுமன்ற சபாநாயகர் மோசஸ் வெட்டங்குலா அதை அவைக்குள் தடை செய்தார். கோட்டும் டையும்தான் மரபாம். பிரிட்டிஷ் மரபைக் காப்பாற்ற ஆப்பிரிக்கத் தலைவரின் உடை வெளியே நிற்கிறது!

ஆகவே உங்கள் காக்கியை நைரோபி விமான நிலையத்தில் யாரும் புதிதாகப் பார்க்க மாட்டார்கள். ஊருக்குள் சாப்பிடப் போகும்போது மட்டும் சாதாரணச் சட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்கள் அலுவலகம் போகிறவர்கள். நீங்கள் புலித்தடம் தேடி வந்தவர் போல நின்றால் சிரிப்பு வரும். அதிலும் ஆப்பிரிக்கக் காட்டில் புலியே கிடையாது.

கிளம்பும் முன்

டெய்லரிடம் போவதற்கு முன் கிண்டிக்குப் போங்கள். கென்யா சென்று திரும்பும் இந்தியர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். சென்னையில் கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். அந்த மஞ்சள் அட்டைக்கு அளவெடுத்து, ஜாக்கெட்டின் உள்பக்கம் பொத்தான் வைத்த ஒரு பை தைக்கச் சொல்லுங்கள். அட்டை இல்லாமல் சென்னையில் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விமான நிலைய சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.